குளிசை போட்ட தேத்தண்ணி

குளிர்ந்த ஜெல்லை வயிற்றில் பூசி, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே கருவியை அழுத்திக்கொண்டே டொக்டர் கேட்டார், "குடிக்கிற பழக்கம் இருக்கா?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பியர்கூட இல்லையா?" இல்லை. "கலியாணவீடு, ட்ரிப், எப்பவாவது?" அதுவும் இல்லை. திரையை என் பக்கம் திருப்பினார். அவரைக்கொட்டை மாதிரிக் கறுப்பாகத் தெரிந்தது சிறுநீரகமாம். அதற்குப் பக்கத்தில் அரிசிமா தூவினதுபோல வெளிறிக் கிடந்தது ஈரல். நல்ல ஈரல் என்றால் இரண்டுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாதாம். ஃபெட்டி லிவர், கிரேட் 2. ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறதாம், நடுத்தர அளவில். நான் போனதோ பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க. கல் இல்லை.

வீட்டுக்கு வந்து றிப்போட்டை மேசையில் வைத்தேன். மனைவி வாசித்தாள். அம்மா வாசிக்கவில்லை, 'லிவர்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது, போதும். எல்லோரும் படுத்த பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார். "மனே, உண்மையச் சொல்லு. ஒளிச்சுக் குடிக்கிறயா?" மட்டக்களப்பில் ஈரல் பழுதென்றால் சாராயம் என்றுதான் அர்த்தம். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் அப்படிப் போனவர்கள். நாற்பத்து நாலு வருடம் ஒரு சொட்டு வாயில் வைக்காமல் காப்பாற்றின பேர் ஒரு துண்டுக் கடதாசியில் போய்விட்டது. கிரேட் 2 என்பதைவிட இதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று பிறகு வாசித்து ஆறுதலடைந்தேன். 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டத்தாரும், குடிக்காத 20 பேரின் ஈரலில் குடிகாரர்களின் ஈரலில் காண்கிற அதே மாற்றங்களைக் கண்டு, அதுவரை பெயரில்லாமல் இருந்த அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்த 20 பேரின் தாய்மாரும் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். நெடுங்காலம் 'மதுசாரம் சாராத' கொழுப்பு ஈரல் என்றே சொல்லிவந்தார்கள். 2023இல் அந்தப் பெயரையும் மாற்றி, அனுசேபக் கோளாறோடு, அதாவது உடம்பு சாப்பாட்டைப் பாவிக்கும் விதத்தில் வரும் கோளாறோடு, சேர்ந்த கொழுப்பு ஈரல் என்று ஆக்கினார்கள். பெயரில் இருந்தாவது சாராயம் போனது. நம் நாட்டில் ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 32.6 வீதமானவர்களுக்கு இது இருந்தது. மூன்றில் ஒருவர். அத்தனை பேரும் ஒளித்துக் குடித்திருக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். "ராகமை சிங்கள ஊர், அங்க என்ன நடக்குதெண்டு உனக்குத் தெரியுமா?" என்றார்.

அப்போது என் நிறை 84 கிலோ, உயரம் 168 சென்ரிமீற்றர். வயிற்றுச் சுற்றளவு 104. உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்று பார்க்கிற கணக்குக்கு உடற்திணிவுச் சுட்டி என்று பெயர். ஆசியர்களுக்கு அது 23 தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது இன்னும் அதிகம் என்பார்கள். என்னுடையது கிட்டத்தட்ட 30. ஆனால் கந்தோரில் என்னைவிடப் பெரிய வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் இருந்ததால் நான் என்னை மெல்லியவன் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

டொக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னார். சரி, குறைப்பது என்ன, அடியோடு விட்டுவிடுகிறேன் என்று வீராப்பாக இறங்கினேன். அன்று பின்னேரமே பாமசியில் ஒரு சின்ன டப்பா வாங்கினேன். பெருவிரல் அளவு, மேலே ஒரு பொத்தான். அமத்தினால் 'டிக்' என்று ஒரு குளிசை விழும். தேத்தண்ணியில் போட்டால் இரண்டு குமிழி விட்டுக் கரையும். சுக்ரலோஸ், சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு. 1976இல் லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில், 'சோதித்துப் பார்' என்று சொன்னதை 'சுவைத்துப் பார்' என்று விளங்கிக்கொண்ட ஓர் இந்திய மாணவர் நாக்கில் வைத்துக் கண்டுபிடித்தது என்று அதற்கு ஒரு கதையும் உண்டு. அந்தக் கதையைக் கந்தோரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 'டிக்' சத்தம் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நான் கதையைத் தொடங்குவேன். ஏழு மாதம் இப்படிப் போனது. ஏழாம் மாதம் நிறை பார்த்தேன். 83.5.

சென்ரி இல்லாத பாதை

அரைக் கிலோ. சீனியே தொடாமல் அரைக் கிலோ. உண்மையில் எரிச்சல்தான் என்னை வாசிக்க வைத்தது. குளிசைதான் குற்றவாளி என்று நிரூபித்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தோடுதான் தொடங்கினேன்.

முதலில் சீனி ஈரலுக்கு என்ன செய்கிறது என்று பார்த்தேன். சீனி என்பது சுக்குரோஸ், பாதி குளுக்கோஸ், பாதி ஃபுருக்டோஸ். குளுக்கோஸை மூளை, தசை, ஈரல் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபுருக்டோஸுக்கு அப்படி இல்லை, பெரும்பகுதி ஈரலுக்குத்தான் போகும். எங்கள் வயதுக்காரர்களுக்குக் கல்லடிப் பாலத்துச் சென்ரி ஞாபகம் இருக்கும். சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டை காட்டி, நில் என்றால் நின்று, திரும்பிப் போ என்றால் திரும்பி வந்த பாலம். ஈரலுக்குள் குளுக்கோஸ் எரிய வேண்டுமென்றால் அப்படி ஒரு சென்ரி உண்டு. உடம்பில் சக்தி நிறைய இருந்தால் அந்த இடத்தில் ஒரு நொதியம் அதை மறித்துவிடும். ஃபுருக்டோஸ் வேறொரு நொதியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சென்ரிக்குப் பின்னால் ஏறிவிடுகிறது. மறிக்க ஆளில்லை. தேவையோ இல்லையோ வந்ததெல்லாம் உள்ளே போகும், உள்ளே போனது கொழுப்பாகும். அவசரத்தில் செல்லின் சக்தி நாணயமான ஏ.ரீ.பி. செலவாகி, அதன் கழிவாக யூரிக் அமிலமும் கூடும். எனக்கு யூரிக் அமிலம் கூட என்று மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நான் அதற்குப் பருப்பையும் இறாலையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சூரிச்சில் 94 ஆரோக்கியமான ஆண்களை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு நாளைக்கு 80 கிராம் சீனி கலந்த பானம், ஏழு வாரம். ஃபுருக்டோஸோ சாதாரணச் சீனியோ குடித்தவர்களின் ஈரல், கொழுப்பமிலம் தயாரிக்கும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டது. குளுக்கோஸ் மட்டும் குடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. 80 கிராம் என்பது ஏதோ பூதத்தின் அளவில்லை. என் பழைய கணக்கு ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒன்றுக்கு மூன்று கரண்டி. தட்டையாக எடுத்தால் கரண்டிக்கு 4 கிராம், மொத்தம் 60. எங்கள் வீட்டில் யாரும் தட்டையாக எடுப்பதில்லை.

அப்புறம் குளிசைக்கு வந்தேன். குற்றப்பத்திரிகை தயாராகத்தான் இருந்தது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே, நிறையைக் கட்டுப்படுத்தச் சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 2022இல் இஸ்ரேலில் 120 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வாரம் சாக்கரினோ சுக்ரலோஸோ எடுத்தவர்களுக்கு குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது, குடலில் வாழும் நுண்ணுயிர்களும் மாறியிருந்தன. எனக்கு வேண்டியது இதுதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் அந்த 120 பேருக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் நிபந்தனையோடு கூடியது. நெடுங்கால ஆய்வுகளில் இனிப்பூட்டி பாவிப்பவர்களுக்கு நோய் அதிகம் என்று தெரிந்தாலும், ஏற்கனவே நிறை கூடியவர்கள்தானே குளிசையைத் தேடிப் போகிறார்கள்? குடை பிடிப்பவர்கள் அதிகம் நனைகிறார்கள் என்று கணக்கெடுத்து, குடையால்தான் மழை என்று சொல்லமுடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அதை நான் அப்போது ஓடவிட்டு வாசித்தேன், பிறகுதான் அது தேவைப்பட்டது. அஸ்பார்ட்டேம் என்ற இன்னொரு இனிப்பூட்டி புற்றுநோய் தரும் என்று வட்ஸ்அப்பில் சுற்றியதையும் தேடிப் பார்த்தேன். 70 கிலோ ஆள் ஒரு நாளைக்கு 9 முதல் 14 டயட் சோடா குடித்தால்தான் அனுமதித்த அளவைத் தாண்டுவாராம். அதைவிட்டு நகர்ந்தேன்.

என் வழக்கைக் கெடுத்தது டென்மார்க்கில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு. நிறை கூடிய 47 பேர், ஆறு மாதம், தினமும் ஒரு லீற்றர். சிலருக்குச் சீனிக் கோலா, சிலருக்குப் பால், சிலருக்கு டயட் கோலா, சிலருக்குத் தண்ணீர். உடலின் மொத்தக் கொழுப்பில் நாலு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஈரலைப் பார்த்தால் கதை வேறு, சீனிக் கோலா குடித்தவர்களின் ஈரலில் மட்டும் கொழுப்பு ஏறியிருந்தது. டயட் கோலாக்காரர்கள் தண்ணீர்க்காரர்களைப் போலவே இருந்தார்கள். நிறைபார்க்கும் மெஷினுக்குத் தெரியாதது ஈரலுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் குளிசை குற்றவாளி இல்லை. அப்படியென்றால் என் அரைக் கிலோவுக்கு யார் பதில் சொல்வது?

மகளின் பேரேடு

அடுத்த கிளினிக்கில் இதை எல்லாம் ஒப்புவித்தேன். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குளிசையை சீனிக்குப் பதிலாப் போட்டீங்களா, சீனியோட சேர்த்தா?" பதிலாகத்தான் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். "ஒரு கிழமைக்கு எழுதிப் பாருங்களன்" என்றார்.

நான் எழுதினால் நடக்காது என்று மனைவிக்குத் தெரியும். வேலையை மகளிடம் கொடுத்தாள். மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, கணக்கீடுதான் அவளுக்குப் பிடித்த பாடம். கணக்கீட்டுக் கொப்பியின் பின்பக்கம் கோடு கிழித்து, 'அப்பாவின் சீனிக் கணக்கு' என்று தலைப்புப் போட்டு, ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. கேக் செய்ய மனைவி வாங்கிவைத்த சின்னத் தராசைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

திங்கள் இரவு தயிர். படுவான்கரையில் இருந்து சட்டியோடு வரும் எருமைத் தயிரை இந்த ஊரில் பிறந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை, கரண்டியைக் குத்தினால் நிற்கும். அதற்குமேல் கித்துள் பாணி. நான் போத்தலைச் சரித்தேன். வழக்கம்போல மெதுவாக, நூல் மாதிரி, கோப்பையைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் ஒரு வட்டம், ஆசைக்கு இன்னொரு வட்டம். "அப்பா, நில்லுங்க" என்று மகள் கோப்பையைத் தூக்கித் தராசில் வைத்தாள். பாணி மட்டும் 58 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்காவது சீனிதான், நாற்பது கிராமுக்குக் கிட்ட. "இது மரத்தில இருந்து வாறது, இயற்கை" என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். அவள் சொல்லாவிட்டாலும் எனக்கே கேட்டது, கித்துளாய் இருந்தாலென்ன, பனங்கட்டியாய் இருந்தாலென்ன, கரும்பாய் இருந்தாலென்ன, பெரும்பகுதி சுக்குரோஸ். அதில் பாதி ஃபுருக்டோஸ். சென்ரிக்குப் பின்னால் ஏறுகிறவனிடம் எந்த மரத்தில் இருந்து வருகிறாய் என்று ஈரல் கேட்பதில்லை.

முழுப்பழம் கதை வேறு, கடித்துத் தின்ன நேரமெடுக்கும், நார் இருக்கும், மெதுவாக வரும் சிறு அளவு ஃபுருக்டோஸைச் சிறுகுடலே பெரும்பாலும் கவனித்துக்கொள்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நான் பழம் தின்றால் அல்லவோ. புதன்கிழமை கூட்டத்தில் தந்தது பெட்டி ஜூஸ், 200 மில்லி. 2016 ஓகஸ்டில் இருந்து பான வகைகளுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனி அடையாளம் வந்ததே, அதில் இது செம்மஞ்சள். சிவப்பில்லை என்பதால் எனக்கு அது பச்சை. 100 மில்லிக்கு 10 கிராம், ஆக 20. வியாழன் ஒரு வீட்டுக்குப் போனோம், சோடா உடைத்துவிட்டார்கள். உடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு மனம் வரும்? வெள்ளி கோயிலில் சர்க்கரைப் பொங்கல். ஞாயிறு காத்தான்குடி நானா ஒருவர் அனுப்பின தொதல், வெட்டிய துண்டை நிறுக்க அவள் வந்தபோது நான் ஏற்கனவே விழுங்கிவிட்டேன். 'அண்ணளவாக' என்று போட்டுக்கொண்டாள்.

கிழமை முடிந்தது. குளிசை போட்டு மிச்சம் பிடித்தது நாளொன்றுக்கு 60 கிராம் என்று ஒரு பக்கம். தேத்தண்ணி தவிர்ந்த மற்ற எல்லாவற்றாலும் உள்ளே போனது சராசரி 52 என்று மறுபக்கம். கீழே இரட்டைக் கோடு, மீதி 8. கோட்டுக்குக் கீழே பென்சிலால், "இந்த வியாபாரம் நடக்காது".

அந்தப் பக்கத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டல் பிழை தேடினேன் என்பதே உண்மை. இதில் தயிரும் பாணியும் முன்பு கிழமைக்கு ஒருநாள்தான். குளிசை வந்த பிறகு நாலு நாளானது. 'டிக்' சத்தம் எனக்கு ஒரு பாஸ் மாதிரி வேலை செய்திருக்கிறது. தேத்தண்ணியில் விட்டேன்தானே, இரவில் கொஞ்சம் பாணி விட்டால் என்ன? நானாக இருந்து அப்படி யோசித்ததாக ஞாபகமே இல்லை, கைதான் யோசித்திருக்கிறது. டென்மார்க்கில் குடிக்க வேண்டியதை லீற்றர் கணக்கில் அவர்கள் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது என் கை.

வெட்கம் கொஞ்சம் தணிந்த பிறகு இன்னொரு ஆய்வும் நினைவுக்கு வந்தது. 2019இல் அமெரிக்காவில், ஈரலில் கொழுப்புப் படிந்த 40 பையன்களில் ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் சேர்த்த சீனியை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கினார்கள். அவர்களின் ஈரல் கொழுப்பு 25 வீதத்தில் இருந்து 17 வீதத்துக்கு இறங்கியது. மற்றப் பாதிக்கு 21இல் இருந்து 20. முதல்முறை வாசித்தபோது அந்த இலக்கங்களைத்தான் பார்த்தேன். இந்தமுறை கண்ணில் பட்டது வேறு, சாப்பாட்டை அந்தப் பையனுக்கு மட்டும் மாற்றவில்லை, முழு வீட்டுக்கும் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஒரு பாணிப் போத்தலைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் மட்டும் டப்பாவை அமத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது பாணிப் போத்தல் வாங்குவதில்லை. தயிருக்கு உப்பு, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம். முதல் இரண்டு கிழமை மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணியில் குளிசை இரண்டில் இருந்து ஒன்றானது, பிறகு கந்தோரில் மட்டும் என்றானது, ஒருநாள் டப்பாவை வீட்டில் மறந்துவிட்டுப் போய் வெறுந்தேத்தண்ணியைக் கசக்கக் கசக்கக் குடித்தேன். சோடா உடைக்கும் வீடுகளில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் கல்லடிக் கடற்கரையில் நடக்கிறேன், மழை இல்லாத நாட்களில். நிறை 79. மொத்த நிறையில் 5 வீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், வீக்கமும் தழும்பும் குறைய 7 முதல் 10 வீதம் வேண்டும் என்பார்கள். நான் ஆறாவது வீதத்தில் நிற்கிறேன். ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.ரி. 78இல் இருந்து 49க்கு வந்திருக்கிறது. அடுத்த ஸ்கேனுக்கு அடுத்த மாதம் திகதி.

டப்பா அடுக்களைத் தட்டில் சும்மா கிடந்தது. அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். "கருப்பட்டி சீனியில்ல" என்று சொல்லி, ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் ஒரு கட்டி கடித்துக்கொண்டிருப்பவர். நீரிழிவுக்காரருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று ஓடவிட்டு வாசித்த வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளினிக்கில் கேட்டுவிட்டு, கருப்பட்டியை எடுத்துவிட்டு டப்பாவைக் கொடுத்தேன். கருப்பட்டிக்குப் பதிலாக, சேர்த்தில்லை என்று மகள் இரண்டு தரம் சொன்னாள்.

அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அமத்தினார், டிக். இன்னொன்று, டிக். கலக்கி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்தார். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி மனே. இப்பயாவது சொல்லு, அப்ப நீ குடிச்சதானே?"